உயிரிழப்பில்லா நாட்கள்

ஸ்டேஷன் டீ சுமார்தான் சார், ஆனாலும் எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு இது எவ்வளவோ தேவலாம். கேட்டதற்கு வருகிறேன். பெயர் அருள்செல்வன். அவசர சிகிச்சையில் எம்.டி., பதினான்கு வருட அனுபவம். விலா எலும்பு உடைந்து நெஞ்சுக்குள் காற்று அடைத்துக்கொண்டால் ஆள் மூச்சு முட்டிச் செத்துப்போவார். பக்கவாட்டில் துளையிட்டு ஒரு குழாய் செருக வேண்டும். பத்து நிமிட வேலை. இருநூறு பேருக்காவது போட்டிருப்பேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவேன்.

பெருமாநல்லூரில் எங்கள் ஆஸ்பத்திரியை நடத்தும் குமாரசாமி அண்ணன் அடிப்படையில் பனியன் கம்பெனிக்காரர். வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வருவார்கள் என்று கம்பெனி வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை வைத்திருந்தார். அதே அளவில் இன்னொன்று செய்து என் வார்டு வாசலிலும் மாட்டிவிட்டார். 'உயிரிழப்பில்லா நாட்கள்'. தினமும் காலையில் எண்ணை மாற்ற வேண்டும். முதலில் நானும் சிரித்தேன். நாற்பதைத் தாண்டியதும் பிடித்துப்போய்விட்டது. பிறகு சாகிற மாதிரி யார் வந்தாலும் 'மேல் சிகிச்சைக்கு' என்று எழுதி, ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவேன். வழியில் போய்ச் சேர்ந்தால் அது ஆம்புலன்ஸ்காரர் பாடு.

இசக்கிமுத்து வந்தது முந்நூற்று அறுபத்து நான்காவது நாள், மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு குடோனில் துணி ரோல்கள் சரிந்து மேலே விழுந்திருந்தன. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, குழாய் கேஸ். சிஸ்டர் சித்ராதேவி குழாய் டிரேயைக்கூட எடுத்து வைத்துவிட்டார்.

"போட்டாப் பொழைச்சுக்குவாருங்க டாக்டர். கோயமுத்தூர் வரைக்கும் தாங்க மாட்டாருங்க."

அவர் சொன்னது சரிதான். ஆனால் குழாய் போட்டும் போகிறவர்கள் உண்டு, நூற்றில் நான்கைந்து பேர். மறுநாள் காலை விழா. கேக் சொல்லியாயிற்று, 365 என்று எழுதி, பக்கத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப் வேறு. அந்த நேரத்தில் ரிஸ்க் எடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அவர் மனைவி முத்துப்பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்கனயே பாருங்கய்யா. வார வழியெல்லாம் என்கூடப் பேசிக்கிட்டுதான வந்தாவ."

"பெரிய ஆஸ்பத்திரிங்கம்மா, நல்லாப் பாத்துக்குவாங்க," என்றேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ள நானே ஒரு கை கொடுத்தேன். பாதி வழியில், கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

கேக் நன்றாக இருந்தது. சித்ராதேவி மட்டும் தொடவில்லை; உங்களுக்குப் புகார் எழுதிப் போட்டதும் அவராகத்தான் இருக்கும். போகட்டும், கெட்டிக்கார சிஸ்டர்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். குழாய் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். அவருக்கு முன்னால் அனுப்பியவர்களிலும் இரண்டு மூன்று பேர் அப்படித்தான். கையெழுத்துப் போடுகிறேன், அதில் தகராறு இல்லை. உங்கள் ஆட்கள் அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. திரும்ப மாட்டச் சொல்லுங்கள் சார். என் வார்டில் அன்றைக்கும் யாரும் சாகவில்லை.