பாக்டீரியா காவல் காத்த ஊர்

மணி அடித்தபோது நான் தயிரில் வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக ஒருமுறைகூட அடிக்காத மணி. நீரேற்று நிலையமே அதிர்ந்தது.

அது நான் வடிவமைத்த கருவி. கண்ணாடிக் குடுவைக்குள் பாக்டீரியாக்கள். நான் கொடுக்கும் இரையைத் தின்று மின்சாரம் தரும். ஊர்க் குடிநீர் அவற்றைத் தொட்டுக்கொண்டுதான் போகும். நீரில் விஷம் இருந்தால் அவை சாகும், மின்சாரம் நிற்கும், மணி அடிக்கும், குழாய் தானாக மூடிக்கொள்ளும்.

குறை ஒன்றுதான். விஷம் வரவேயில்லை. பல்கேரியாவின் ஒரு மலையூரில் யார் வந்து கலப்பார்கள்? நிலையத்தின் காவலாளி ஸ்தாமென் தினமும் எட்டிப்பார்ப்பார்.

“என்ன டாக்டரே, உன் பூச்சிங்க முழிச்சுதா, இன்னும் குறட்டைதானா? நான் தூங்கினா மட்டும் சம்பளத்தப் புடிக்கிறாங்கப்பா.”

அந்த வாரம் நகரசபை கருவியைக் கழற்ற முடிவெடுக்க இருந்தது. அதனால் திராட்சைத் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை, ஊருக்கு நீர் வரும் மலைத்தொட்டியில் ஊற்றினேன். பாக்டீரியா சாகும் அளவைத் துல்லியமாகக் கணக்கிட்டிருந்தேன். மனிதர்களுக்கு எவ்வளவு என்று பார்க்கவில்லை. அது என் துறை அல்ல.

கருவி பிசகவில்லை. வீடுகளுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. ஸ்தாமென் ஓடிவந்து என் இரு கன்னங்களிலும் முத்தமிட்டார்.

“உன்னக் கிண்டல் பண்ண வாயில மண்ணு விழ. ஊரே உன்னாலதான் உசுரோட இருக்கு.”

சதுக்கத்தில் மேசை போட்டார்கள். மாஸ்திகா வந்தது. சோம்பு மணக்கும் அந்தச் சாராயத்தைத் தண்ணீர் கலந்து குடிப்பது வழக்கம். வீட்டுக் குழாய்கள் மூடியிருந்ததால் ஸ்தாமென் சதுக்கத்துக் கல் நீரூற்றில் ஜாடி நிறையப் பிடித்து வந்தார்.

“இது சுனைத் தண்ணி. இதுக்கு உன் பூச்சிங்க காவல் வேணாம்.”

சுனை வற்றிப் பல வருடமாகிறது. நீரூற்றுக்கு மலைத்தொட்டியிலிருந்தே தனிக் குழாய் போகிறது. என் கருவி அந்தப் பாதையில் இல்லை. வடிவமைத்தபோது கவனிக்கவில்லை, பிறகு கவனித்தேன்.

கிண்ணங்களில் மாஸ்திகா பால்போல் வெளுத்தது.

“எனக்குத் தண்ணி வேணாம்,” என்றேன்.

“பாருங்கடா, டாக்டரு இன்னிக்குத்தான் ஆம்பளையாயிருக்காரு,” என்றார் ஸ்தாமென். எல்லோரும் சிரித்தோம். அவர் இரண்டு கிண்ணம் குடித்தார்.

ஞாயிறன்று நான்கு பேரை அடக்கம் செய்தோம். ஸ்தாமெனின் பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். எனக்கு நன்றி தெரியும்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட பெண் இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஜாடியோட அவர் வந்ததப் பாத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா, என் கருவி பாதித் தண்ணியத்தான் காக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போயிருக்குமே, மேடம்.”