ருசி சொன்னவன்

ஆரணியில் ஒயின் கிளப் என்று சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள், ஐயா. ஒயின் ஷாப் என்று நம் ஆட்கள் சொல்கிற இடத்தில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். அதனால் கிளப் என்றதும் நாலு பேர் கூடிப் பிராந்தி குடிக்கிற இடம் என்றுதான் நினைப்பார்கள். எங்களுடையது அப்படியல்ல. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை நான்கு மணி, துரைக்கண்ணு வீட்டு மாடி. நாங்கள் ஏழு பேர். வெள்ளை விரிப்பு, தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பைகள், உப்பில்லாத பிஸ்கட், நடுவில் துப்புவதற்கு ஒரு பாத்திரம். ஒயினை ருசி பார்ப்பவர்கள் எப்போதும் விழுங்குவதில்லை. வாயில் சுழற்றிவிட்டுத் துப்பலாம். நான் எப்போதும் துப்பிவிடுவேன். ஆறரைக்கு எல்லோரும் கிளம்பிவிடுவோம். ஐந்து வருடத்தில் ஒருவர்கூடத் தள்ளாடிப் படி இறங்கியதில்லை.

என் பெயர் லோகநாதன். வயது அறுபத்திரண்டு. நெசவுக் குடும்பம்தான், ஆனால் நான் தறியில் உட்காரவில்லை. இருபது வயதில் பெங்களூருக்குப் போய் ஒரு பெரிய ஓட்டலில் ஒயின் பரிமாறும் வேலையில் சேர்ந்தேன். முப்பத்தாறு வருடம். கார்க்கை முகர்ந்தே பாட்டில் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவேன். வெளிநாட்டு விருந்தாளிகள் என் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு போகிற ஓர் ஆள், அவ்வளவுதான்.

துரைக்கண்ணு என்னோடு படித்தவன். பட்டுச் சேலை வியாபாரம். அவன்தான் ஒருநாள், "உனுக்குத் தெரிஞ்சது இந்த ஊர்ல வேற யாருக்குத் தெரியும் லோகு? சும்மா உக்காந்துகினு இருக்கறதுக்கு எங்களுக்குச் சொல்லிக் குடேன்" என்றான். அப்படித்தான் கிளப் தொடங்கியது. நான் முகர்ந்து, ருசித்து, ஒரு வார்த்தை சொல்லும்வரை யாரும் கோப்பையைத் தொடமாட்டார்கள். நான் அப்படிச் சொல்லி வைக்கவில்லை. அவர்களாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருடம் மே மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது எல்லோருக்கும் வந்த அதே காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் நான் எழுந்துவிட்டேன். மூக்கு எழவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து கூடமெல்லாம் புகை. அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்த என் மனைவி கமலம், என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கிளப்புல சொல்லிடுங்க. இதுல இன்னா வெக்கம்? ஊர்ல பாதிப் பேருக்குப் போச்சு."

பாதிப் பேருக்குப் போய்ப் பாதிப் பேருக்குத் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. வேலூரில் காட்டினேன், சென்னையில் காட்டினேன். காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தேன். நாக்கில் புளிப்பும் இனிப்பும் உப்பும் கசப்பும் மட்டும் மிச்சம். ஒயினுக்கு அது போதாது. கண்ணைக் கட்டிவிட்டு ஒருவனைச் சேலைக்கு நிறம் சொல்லச் சொல்வது போல.

அடுத்த மாதமே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். கோப்பையைக் கையில் எடுத்ததும் ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "பிளம்ஸ் வாசம், கொஞ்சம் மிளகு" என்றேன். அந்த பாட்டில் எனக்கு முன்பே பழக்கம். எல்லோரும் தலையாட்டினார்கள். அதன் பிறகு எந்த மாதம் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

மூன்று வருடம் அப்படியே ஓட்டினேன். பாட்டில் சீட்டைப் படிப்பேன், நிறத்தைப் பார்ப்பேன். தெரியாத பாட்டிலாக இருந்தால் துரைக்கண்ணுவின் கோப்பையில் முதலில் ஒரு வாய் ஊற்றி, அவன் முகத்தைப் பார்ப்பேன். புளிப்பு என்றால் அவனுடைய இடது புருவம் ஏறும். துவர்ப்பு என்றால் உதட்டை உள்ளே இழுப்பான். கெட்டுப்போனது என்றால் கோப்பையை ஒரு விரல்கடை தள்ளி வைப்பான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் நாக்கை வைத்து நான் பேசினேன், அவ்வளவுதான். யாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர் ஜெயவேல். தேசூர்ப் பக்கம். செய்யாறு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கூலிவேலை செய்து படிக்க வைத்த குடும்பம். பட்டு வியாபாரிகளோடும் பேங்க்காரர்களோடும் ஒரே மேசையில் உட்காருவது அவருக்குப் பெரிய விஷயம். ஆடி மாதம் நாவல்பழம் வாங்கி வீட்டிலேயே ஜாடியில் ஒயின் போட்டார். போன செப்டம்பர் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வந்தார். ஜாடியை பைக்கில் கொண்டுவர முடியாதென்று அக்கா வீட்டிலிருந்து கழுவிய கேன் ஒன்றை வாங்கி அதில் ஊற்றியிருக்கிறார். துரைக்கண்ணு வீட்டு வாசலில் வைத்து அதை இரண்டு பாட்டிலாகப் பிரித்து, துணியால் துடைத்து, மாடிக்கு எடுத்து வந்தார்.

"சார், தப்பா இருந்தா தப்புன்னே சொல்லிடுங்க" என்றார்.

துரைக்கண்ணு ஒரு வாய் குடித்தான். உதட்டை உள்ளே இழுத்தான். நாவல்பழத்துக்கு அது சரிதான். கோப்பையைக் கொஞ்சம் தள்ளினானோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அதற்குள் ஜெயவேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயில் வைத்துச் சுழற்றித் துப்பினேன். "நல்ல உடம்பு, வாயில கனமா நிக்குது. நம்ம மண்ணோட ஒயின் இது" என்றேன்.

பானுப்ரியா மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவரும் கணவரும் பெரணமல்லூரில் உரக்கடை வைத்திருக்கிறார்கள். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க கடையில வர்ற பூச்சி மருந்து வாசனை மாதிரி கீது" என்றார்.

என்னால் அப்போது என்ன செய்திருக்க முடியும்? முகர்ந்து பார்க்கிறேன் என்று முகர்ந்தேன். காற்றுதான் வந்தது. "உயர்ந்த வெள்ளை ஒயின் சிலதுல மண்ணெண்ணெய் வாசம் வரும்னு போன மாசம் சொன்னேனே, ஞாபகம் இருக்குதாம்மா? இதுவும் அந்த ஜாதி. உங்க மூக்கு இன்னும் கடையவிட்டு வெளிய வரல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல. அவர் முகம் சிவந்துவிட்டது. வீட்டில் வேலை இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

என் கோப்பையை அலசுவதற்காக மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போனேன். தண்ணீர் பட்டதும் கோப்பையின் அடியில் பால் மாதிரி வெளுத்தது. கொல்லையில் பயிருக்கு மருந்தடிக்கிறவர்கள் தண்ணீரில் மருந்தை ஊற்றும்போது எப்படி வெளுக்கும் என்று இந்தப் பக்கத்தில் தெரியாதவர் யார்? எனக்கும் தெரியும், ஐயா. அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

வாஷ்பேசினிலிருந்து மேசைக்கு ஆறேழு அடி. அந்த ஆறேழு அடி நடக்கும்போது சொல்லிவிடலாம் என்றுதான் நடந்தேன். சொன்னால் முதல் கேள்வி, உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதாகத்தான் இருக்கும். மேசைக்கு வந்தபோது துரைக்கண்ணு கோப்பையை நீட்டினான்.

"எனக்கு இன்னாவோ பிடிக்கலதான். ஆனா நீ சொன்னா சரியாதான் இருக்கும். ஊத்து லோகு, பழகிப் பாக்கறேன்."

ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டான். மறுபடியும் ஊற்றினேன். மற்றவர்கள் ஒரு வாய் இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டார்கள். தேசூர்வரைக்கும் வண்டி ஓட்ட வேண்டும் என்று ஜெயவேல் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. பாராட்டு வாங்கிய சந்தோஷத்தோடு ஐந்து மணிக்குக் கிளம்பிப் போனார்.

ஐந்தேகாலுக்குத் துரைக்கண்ணுவுக்கு வேர்த்தது. மின்விசிறி ஓடுகிறது, சட்டை நனைந்துவிட்டது. வாயில் எச்சில் ஊறி வழிந்தது. அவன் மனைவி சுபத்ராவைக் கூப்பிட்டோம்.

"இன்னாண்ணா இது, இப்டி வேர்க்குது? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"வீட்டு ஒயின் சிலருக்கு ஒத்துக்காதும்மா. மோர் குடுத்துப் படுக்க வை. அரை மணியில சரியாயிடும்."

அந்த அம்மா என்னை நம்பிற்று. மோர் கொண்டு வந்தது. கட்டிலில் படுக்க வைத்து, துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சுபத்ராவின் போன் அடித்தபோது அந்த அம்மா தண்ணீர் எடுக்கக் கீழே போயிருந்தது. கூப்பிட்டது பானுப்ரியா. நான்தான் எடுத்தேன்.

"சார், நீங்களா? அந்த வாசனை மனசுல உறுத்திகினே கீது. யாருக்கும் ஒண்ணும் ஆகலியே? ஏதாவது ஒண்ணுன்னா ஜல்தி தூக்கினு போங்க சார், இதுக்கு ஊசி கீது. லேட் பண்ணக் கூடாது."

துரைக்கண்ணு என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கண்ணின் கருமணி கடுகு மாதிரி சுருங்கியிருந்தது.

"எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்றேன். போனைக் கட்டிலில் வைத்தேன்.

ஆறரை மணிக்குத் தென்னரசு வாந்தி எடுத்தார். அவர் பேங்கில் வேலை பார்ப்பவர், இரண்டே வாய் குடித்தவர். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவர் பார்த்தவுடனே என்னவென்று சொல்லிவிட்டார், ஊசியும் போட்டார். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று சுபத்ராவிடம் சொன்னாராம். துரைக்கண்ணு செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டான். மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

அன்று எல்லோரும் ஆட்டோவில் ஓடியபோது, வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். கோப்பைகளைக் கழுவினேன். காலியான முதல் பாட்டிலையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக் கவிழ்த்தேன். முப்பத்தாறு வருடப் பழக்கம். பிரித்து ஒரு கோப்பை ஊற்றியிருந்த இரண்டாவது பாட்டிலை மட்டும் மேசையிலேயே விட்டேன்.

மறுநாள் உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி கேட்டபோது, முதல் பாட்டிலை நான் ருசித்தேன், அது சுத்தமாக இருந்தது, இரண்டாவதை நான் வாயில் வைக்கவில்லை என்றேன். அவராகவே மேலே போனார். அப்படியானால் இரண்டாவதில் மட்டும் எப்படி வந்தது? கொண்டு வந்தவர் ஏன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை? ஏன் சீக்கிரம் கிளம்பினார்? கேனைத் தேடினார்கள். அதை ஜெயவேலின் அக்கா அதற்குள் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டிருந்தார். கவனமில்லாமல் நடந்த ஒன்று, வேண்டுமென்றே செய்ததாக ஆகிவிட்டது. ஜெயவேலைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். நான் கொலை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் ருசியைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

ஜெயவேலின் தாயார் பொன்னம்மாள் என் வீட்டுக்கு மூன்று முறை வந்தார். திட்ட வந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. வாசற்படியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, நீங்க ஒருத்தர்தான் எம்புள்ள செஞ்சது நல்லாருக்குன்னு சொன்னீங்களாம். அன்னிக்குப் போன்ல சொல்லிச் சொல்லி அழுதுட்டான் சாமி, சந்தோஷத்துல. அத்த நீங்க வந்து சொல்லுங்க. பெரியவங்க சொன்னா கேப்பாங்க."

மூன்றாவது முறை அவர் போன பிறகு கமலம் என் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதனால்தான் வந்திருக்கிறேன்.

கேனில் மருந்து இருந்தது ஜெயவேலுக்குத் தெரியாது. அவரை விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு துரைக்கண்ணுவுக்கு இரண்டு கோப்பை ஊற்றினேன். தெரிந்தே ஒன்றேகால் மணி நேரம் அவனை மோர் குடிக்க வைத்துப் படுக்கப் போட்டேன். தெரிந்தே பாட்டிலைக் கழுவினேன். இதையெல்லாம் நீங்கள் இப்படியே எழுதிக்கொள்ளலாம். எந்தச் சட்டப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஐயா. மூக்கு விஷயத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். முகர்ந்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, வேண்டுமென்றேதான் கொடுத்தேன் என்று எழுதுங்கள். காரணம் வேண்டுமென்றால் பழைய பகை என்று ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தை கிளப்பில் எல்லோரும் படிப்பார்கள். மூன்று வருடமாக எனக்கு ஒன்றும் தெரியாமல்தான் பேசினேன் என்று தெரிந்தால் அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?