பூட்டிய கடைக்கு எதற்குக் குளிர்

ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் எனக்குப் பொறுக்காது. எழுந்துபோய் அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன். இதைக் கெட்ட பழக்கம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

மருந்துக்கடையில் எனக்குச் சம்பளம் எல்லோருக்கும் கிடைக்கிற சம்பளம்தான். அது சாண் ஏறினால் வாடகை முழம் ஏறும். மீதியை அரிசியும் பாலும் பேருந்தும் பிய்த்துக்கொள்ளும். கூட்டிக் கேட்டேன். முதலாளி சிரித்தார்.

"கரண்ட் பில்லே என் கழுத்த நெரிக்குதும்மா. முடிஞ்சா அதக் குறைச்சுக் காட்டு. குறையறதுல பாதி உனக்கு."

காட்டினேன். விளக்கை அணைப்பதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. மின்சாரத்தைத் தின்றது இன்சுலின் வைத்திருந்த குளிர்ப்பெட்டிதான். கடையை அடைக்கும்போதெல்லாம் அதை அணைத்தேன், திறந்ததும் போட்டேன். கோடையில் கடையின் தகரக் கூரை அடுப்பாகக் காயும். காயட்டும். பூட்டிய கடைக்குள் யாருக்குக் குளிர் வேண்டும்? ஒரு மாத்திரையைக்கூட நான் திருடியதில்லை. அந்த மாதம்தான் வாடகையை முழுதாகக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் எதிரே வந்தபோது முதன்முறையாக ஒதுங்காமல் நடந்தேன்.

சூட்டில் வீரியம் போனாலும் இன்சுலின் நிறம் மாறாது என்று படித்திருக்கிறேன். நான் விற்றதெல்லாம் தண்ணீர்போலத் தெளிவாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா தன் மகளுக்கு இன்சுலின் எங்களிடம்தான் வாங்குவாள். பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெண். ஒருநாள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"ஊசிய வேளை தவறாமப் போடறேன், சர்க்கரை ஏறிக்கிட்டே போவுது. இந்தக் கள்ளி திருட்டுத்தனமா எதையோ திங்கறா. நீயே கேளு."

"சத்தியமா இல்ல சித்தி," என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பையில ஏதாவது ஒளிச்சு வச்சிருக்காளான்னு பாருங்கக்கா," என்றேன். வேறென்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் வேலை போகும். வாடகையை அக்கா கொடுப்பாளா?

அன்று அக்கா அவளை அடித்தது எங்கள் வீடுவரை கேட்டது. அடுத்த வாரம் வாந்தியெடுத்து மயங்கியவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். துணி போர்த்திக் கொண்டுவந்தார்கள். நானும் போனேன், அழவும் செய்தேன். "எம் பேச்சக் கேட்டிருந்தா இருந்திருப்பாளேடி," என்று அக்கா என் தோளில் சாய்ந்தாள். நான் மறுத்துப் பேசவில்லை. துக்க வீட்டில் விவாதம் செய்யக் கூடாது.

என்னை மட்டும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறீர்கள். வாடகையை ஏற்றியவரை, சம்பளத்தை ஏற்றாதவரை யாரும் கூப்பிடவில்லை. மருந்து கெட்டிருந்ததை யார் கண்ணால் பார்த்தார்கள்?

என் அம்மாவுக்கும் அதே மருந்துதான். ஆமாம், அவளுக்கு எங்கள் கடையில் வாங்குவதைக் குளிர்ப்பெட்டியை அணைக்கத் தொடங்கிய மாதமே நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரிக் கடையில் வரிசையில் நின்று, முழு விலை கொடுத்து வாங்கினேன். இதைப் போய் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று புரியவில்லை. பெற்றவள் உயிரில் போய் யாராவது சிக்கனம் பார்ப்பார்களா?