வெசல் டிடிங்காவின் காலி நாற்காலி

பேரவைத் தலைவர் அவர்களே, மேடையிலுள்ள பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாக்டெல்ட் அம்மையாரே, கால்வாய் உறைந்த குளிரிலும் வந்திருக்கும் நகர மக்களே!

நமது பல்கலைக்கழகப் பேரவை மூன்று நாள் கூடி, வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்திருக்கிறது. எபிரேய, அரபு மொழிப் பேராசிரியர் வெசல் டிடிங்கா அமர்ந்து பாடம் சொன்ன நாற்காலியில் இனி எவரும் அமரக் கூடாது. அதன் மெத்தையை என்ன செய்வது என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. ஏழுக்கு ஐந்து என்ற வாக்கில், மெத்தையும் அங்கேயே இருக்கும்.

இந்த முடிவுக்கு நானே காரணம். சென்ற வாரம் அவர் கல்லறையருகே, "அந்த நாற்காலியில் அமர இங்கே யாருக்குத் தகுதி இருக்கிறது?" என்று முழங்கினேன். இரங்கல் உரையில் அப்படிக் கேட்பது மரபு. பதில் சொல்வது மரபல்ல. பேரவை சொல்லிவிட்டது. அவருக்கு அடுத்த இடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவன் என்ற முறையில், தலைவணங்கி ஏற்கிறேன்.

யார் இந்த டிடிங்கா? ஃபிரீஸ்லாந்துப் படகோட்டியின் மகன். ரோமில் அச்சான ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்துத்தான் நாங்கள் இருவரும் அரபு கற்றோம். இலக்கணத்தை நான் ஏழு மாதத்தில் முடித்தேன். அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று. இதை ஏன் இங்கே சொல்கிறேன்? வேறு யாரும் சொல்லப்போவதில்லை!

பிறகு மொரோக்கோ கப்பலொன்று வந்தது. அதில் ஹம்மு என்ற வணிகர். அரபு பேசும் மனிதரை நாங்கள் பார்த்தது அன்றுதான். ஒரு வாரம் தயார்செய்த வரவேற்புரையை நான் பிழையின்றிச் சொன்னேன். ஹம்மு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஐயா, நீங்க பேசுறதெல்லாம் எங்க ஊர் மசூதிச் சுவர்ல எழுதியிருக்கும். மனுஷன் வாயால இப்பத்தான் கேக்குறேன்!"

டிடிங்கா தட்டுத்தடுமாறி ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்க ஊர் திரும்புற அன்னைக்கு வீட்டுல என்ன சமைப்பாங்க?"

ஹம்முவின் கண் நிறைந்துவிட்டது. ஒரு மணி நேரம் மீனைப் பற்றியே பேசினார். டிடிங்காவுக்கு எந்த அகராதியிலும் இல்லாத நாற்பது சொற்கள் கிடைத்தன. திரும்பும் வழியில் என் தோளைத் தட்டி, "லுப்பர்ட், இலக்கணத்துல என்னைக்கும் நீதான்யா ராஜா" என்றார். பாராட்டுவதிலும் என்னை முந்திவிட்டார்! எப்படிப் பொறுப்பது?

நான் பொறுக்கவில்லை. அதன்பின் ஆறு ஆண்டுகள் அவர் வாசலை மிதிக்கவில்லை. எதிரே வந்தால் பாலம் கடந்து அக்கரைக்குப் போய்விடுவேன்.

நேற்று அவர் மனைவி மாக்டெல்ட் அம்மையார், அவர் எழுதிவந்த அரபு அகராதியின் கையெழுத்துப் பிரதியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். பாதிதான் முடிந்திருக்கிறது.

"வியாழக்கிழமை தவறாம உங்களுக்கும் சேர்த்துத்தான் ஹெர்ரிங் மீன் வாங்குவாரு, ஐயா. நீங்க வரல. பூனை கொழுத்ததுதான் மிச்சம்."

பிரதியைப் புரட்டினேன். ஓரங்களில், அவருடைய கோணல் கையெழுத்தில்: 'லுப்பர்ட்டைக் கேட்க வேண்டும்.' இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில். ஏன் கேட்கவில்லை? யாரைக் கேட்பார்? நான்தான் அக்கரையில் நடந்துகொண்டிருந்தேனே!

அவையோரே, அந்த இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் பதில் எழுதுவேன். மறுபாதியை முடிப்பேன். அட்டையில் அவர் பெயர் மட்டுமே இருக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இருக்கும். முப்பத்தொரு இடங்களில் எனக்கும் பதில் தெரியவில்லை. ஹம்முவுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்.

அரபு வகுப்பு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். நான் நின்றுகொண்டு நடத்துவேன்.