வைத்திருக்கலாம்

இந்த நாற்காலி எங்கள் அலுவலக நாற்காலிகளைவிட வசதியாக இருக்கிறது, மேடம். விசாரணை அறை என்றதும் முதுகு சாய வழியில்லாத ஒரு ஸ்டூலைத்தான் எதிர்பார்த்து வந்தேன்.

உங்கள் தாளில் இருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் செயலிக் கம்பெனியின் பங்குகளை என் மனைவியின் பெயரில் வாங்கியது நான்தான். விலை விழுவதற்கு முந்தைய நான்கு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றதும் நான்தான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் சொல்ல வந்தது நீங்கள் கேட்காத வேறொன்று.

தரகு நிறுவனத்தில் என் வேலை, இணைய நிறுவனங்களின் பங்கு என்ன விலை பெறும் என்று மதிப்பிடுவது. சாதாரணக் கம்பெனி என்றால் லாபத்தைப் பார்ப்போம். லாபம் இல்லையென்றால் விற்பனையைப் பார்ப்போம். அதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லையென்றால், செயலியை இறக்கிக்கொண்டவர்களின் தலையை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று பெருக்கிவிடுவோம். வீடுகளுக்குக் குழாய் ரிப்பேர் செய்ய ஆள் அனுப்பும் இந்தச் செயலியின் தலைகளை எண்ணியவன் நான். ஒருநாள் என் மனைவி, புதியவர்களுக்குத் தரும் தள்ளுபடிக்காக அதை மூன்றாவது முறையாக அழித்துவிட்டு, வேறு எண்ணைக் கொடுத்து மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனியின் கணக்கில் அவள் மூன்று பேர். சந்தேகம் தட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். சந்தை விலையில் கால்வாசிதான் தேறியது.

எங்கள் அறிக்கையின் தலையில் ஒரு வார்த்தை இருக்கும். வாங்கலாம், வைத்திருக்கலாம், விற்கலாம், இந்த மூன்றில் ஒன்று. 'விற்கலாம்' என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதினால் அந்தக் கம்பெனிக்காரர்கள் அடுத்த முறை நம்மை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அதனால் 'வைத்திருக்கலாம்' என்று எழுதுவோம். சத்தம் போடாமல் வெளியே வந்துவிடு என்று அதற்கு அர்த்தம். இந்தக் கம்பெனியின் அறிக்கையிலும் அதைத்தான் எழுதியிருந்தேன். தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால், இதில் யாரும் பொய் சொல்வதாக யாருக்கும் தோன்றாது.

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மைக்செட். காதில் விழுந்த எதுவும் அவர் வயிற்றில் தங்காது. எனக்குச் சந்தேகம் தட்டுவதற்கு முன்பு நான் நல்ல பங்கு என்று சொன்னதைக் கேட்டு, வீடு கட்டச் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே அதில் போட்டார். அவர் சொன்னதைக் கேட்டுப் பணிமனையில் பதினோரு ஓட்டுநர்கள் போட்டார்கள்.

அறிக்கை வெளியாக இரண்டு நாள் இருந்தபோது, வண்டியை விட்டுவிட்டுச் சீருடையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். சோபா அழுக்காகிவிடுமோ என்று நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, டிப்போல எல்லாரும் கேக்குறாங்க. வித்துடவா, இருக்கட்டுமா? நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"வெச்சிருக்கலாம் மாமா," என்றேன்.

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கிப் போனார்.

தொழிலில் உள்ள சொல்லைத்தானே சொன்னேன், அவர் வீட்டு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய என்று வெகுநாள் எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. அறிக்கை எழுதினவனே விற்கச் சொல்கிறான் என்ற சேதி மைக்செட் வழியாகச் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் போயிருக்கும். என் பங்குகளில் பாதி இன்னும் விற்காமல் இருந்தது. எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

விலை விழுந்ததும் அந்தப் பதினோரு பேரும் அவரிடம் சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். நாள் முழுக்க வாய் ஓயாத மனிதர் பேசுவதையே விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து, வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினவரை மறுநாள் ஏரியில் கண்டெடுத்தார்கள். இன்றைக்கும் ஓட்டுநர் சீருடையைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டேன்.

உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"உன்கிட்ட கேக்க வந்தாராமே. நீ என்னடா சொன்ன?"

"வித்துடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்க்கா. அவர்தான் கேக்கல."

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. கூடத்தில் மாட்டியிருந்த அவர் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தாள். மறுநாள் காலையில் அந்தப் பதினோரு பேரின் விலாசத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, தன் புருஷனின் பேராசைக்காக மன்னிப்புக் கேட்டாள். துணைக்கு நான்தான் போனேன். பதினோரு வீட்டிலும் அவள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கோபப்பட ஓர் ஆள் கிடைத்ததில் அவள் மனம் கொஞ்சமாவது ஆறியிருக்கும், மேடம். அந்த ஒரு நல்லதையாவது நான் அவளுக்குச் செய்திருக்கிறேன்.