மானும் போர்மனும்

தண்டவாளத்தில் ஓடும் பார்க்டேல் ஸ்ரீட்காரில் முன் சீற்றில் இரண்டு பேர்.

"எங்கட வேலையிடத்துப் போர்மன் பழைய ரிவோல்வருக்குக் குறிபாக்கிற ஸ்கோப் பூட்டிறார், அண்ணை," என்றான் இளையவன். "மான் சுட."

"கைத்துவக்காலையோ?"

"ஓம். எல்லைக்கு அங்காலை அமெரிக்காவிலை விடுவாங்களாம். பழைய சாமான், ஒவ்வொரு வெடிக்கும் துவக்கின்ரை பின்பக்கக் குதிரையைப் பெருவிரலாலை இழுக்கோணும். பிடியும் புதுசாப் போட்டிட்டார்."

"இறைச்சி தருவாரோ?"

"கேட்டனான், எல்லாருக்கும் முன்னாலை, இங்கிலீசிலை. 'யூ ஷூட் மான், கிவ் மீ ஒன் லெக்.' அண்டையிலையிருந்து லஞ்சுக்கு ஒருத்தரும் எனக்குப் பக்கத்திலை இருக்கினமில்லை."

மூத்தவர் யன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார்.

"டியர் எண்டெல்லோ சொல்லியிருக்கோணும்."

"அந்த மீசைக்காரனையோ? எனக்கு வெக்கமா இருக்காதே, அண்ணை?"