தெரிஞ்சே சொன்னேன்

– எல்லாரும் நம்மளையே பாக்கறாங்கடா. எப்பக் கூப்பிடுவாங்க?

– ‘டா’வா? கவுண்டர்ல போயும் இப்படி வாய் தவறினா, வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

– பழக்க தோஷம். தங்கச்சி. போதுமா?

– கேக்க நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆறு வருஷம் முன்னாடி இதே பாஸ்போர்ட் ஆபீஸ்ல என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?

– அதை ஏன் இப்பக் கிளறுறே? எம் பொண்ணு முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டிருக்கா.

– கிளறத்தான் வந்திருக்கேன். டாக்டர் சர்ட்டிபிகேட் எல்லாம் வெச்சு, ‘பெண்’ணுன்னு போட்டுக் குடுங்கன்னு கேட்டிருந்தேன். எல்லாம் முடியற நேரத்துல நீ வந்து, ‘இது என் தம்பி, வேஷம் போட்டு ஊரை ஏமாத்துறான்’னு ஆட்சேபம் சொல்லிட்டுப் போனே. ‘ஆண்’ணுன்னு அடிச்சுக் கையில குடுத்துட்டாங்க. அதை வெச்சுக்கிட்டு ஏர்போர்ட்ல நான் பட்ட பாடு தெரியுமா உனக்கு? ஆம்பளைங்க வரிசையில நிக்க வெச்சுத் தடவிப் பாத்தானுங்க. சுத்தி நின்னவன் எல்லாம் சிரிச்சான்.

– குடும்ப மானம்னு நெனச்சேன். நாலு பேரு நாலு விதமாப் பேசினாங்க.

– அந்த நாலு பேரையே உன் பொண்ணுக்குத் துணைக்குக் கூட்டிட்டுப் போயேன்.

– முடியாதுன்னுதானே உன் வாசலுக்கு வந்தேன். அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில பொம்பளைங்க வார்டுல துணைக்குத் தங்கறவங்க பாஸ்போர்ட்ல ‘பெண்’ணுன்னு இருக்கணுமாம். அவ அம்மாவும் போய்ச் சேந்துட்டா. இவளானா, அத்தை வந்தாத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. டிக்கெட்டெல்லாம் நானே போட்டுக்கறேன், நீங்க அத்தையோட பாஸ்போர்ட்டை மாத்திக் குடுங்க போதும்னுட்டா.

– அவ அம்மா போனப்புறம் அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். அவ கதறக் கதற என் பெட்டியைத் தெருவுல தூக்கி எறிஞ்சது நீ.

– அப்ப அவ சின்னப் புள்ள. அதெல்லாம் மறந்திருப்பா.

– அப்படியா நெனச்சுக்கிட்டிருக்கே? வா, நம்மளத்தான் கூப்பிடறாங்க.

– உக்காருங்க. பாலினம் மாத்தணுமாம்மா? வீட்டுலேர்ந்து ஆட்சேபம் பதிவாகியிருக்கே. புது விதிப்படி, ஆட்சேபம் சொன்னவரே நேர்ல வந்து வாபஸ் வாங்கணும்.

– கையோட கூட்டிட்டு வந்திருக்கேன் மேடம். எங்க அண்ணன்.

– அடையாளத்துக்கு உங்க பாஸ்போர்ட்டை இப்படி வைங்க சார். ம், சொல்லுங்க. பதிவாகுது.

– இது... இவ என் தங்கச்சி மேடம். அன்னிக்கு ஏதோ தப்பா சொல்லிட்டேன்.

– தெரியாம சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களா?

– அண்ணே, காதைக் குடு. தெரியாமன்னு மழுப்பினே, இப்பவே எந்திரிச்சுப் போயிடுவேன். உன் பொண்ணுக்கு வேற அத்தையைத் தேடிக்கோ.

– சும்மா இரும்மா... தெரிஞ்சேதான் மேடம். சின்ன வயசுலேர்ந்தே இவ பொண்ணுதான்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பொய்தான் சொன்னேன்.

– பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கல அண்ணே.

– பொய் சொன்னேன்! இவ என் தங்கச்சி! போதுமாடி?

– வயிறு குளுந்துபோச்சு அண்ணே. ஆறு வருஷ எரிச்சல்.

– சரிம்மா, உங்களுக்கு மாத்திடறோம். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோங்க. சார், உங்க பாஸ்போர்ட்டை எடுக்காதீங்க. அது இங்கதான் இருக்கும்.

– ஏன் மேடம்?

– தெரியாம சொன்னவங்களை எச்சரிச்சு விட்டுடுவோம். தெரிஞ்சே பொய் சொல்லி இன்னொருத்தர் பாஸ்போர்ட்டைக் கெடுத்தவங்களுக்கு, விசாரணை முடியற வரைக்கும் அவங்க பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரமாட்டோம். அதே புது விதிதான் சார்.

– ஐயையோ, அடுத்த மாசம் பொண்ணு கூட நான் ஃப்ளைட் ஏறணும் மேடம்! ஏய், உனக்கு இது முன்னாடியே தெரியுமா?

– தெரியும். நானும் தெரிஞ்சேதான் செஞ்சேன்.

– பாவி! பெத்தவன் இல்லாம எம் பொண்ணு எப்படிடி போவா? என் டிக்கெட்டு என்ன ஆகறது?

– இந்த விதியைத் தேடிப் பிடிச்சு எனக்குச் சொன்னதே உன் பொண்ணுதான் அண்ணே. டிக்கெட்டும் அவதானே போட்டா? ரெண்டுதான் போட்டிருக்கா.